ஜெயித்தவருக்கு மேல்முறையீடு இல்லை

எங்கள் ஹெக்கில்டனில் ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைகள் புறா வளர்ப்பார்கள்; இல்லையென்றால் கண்காட்சிக்கு ஆள் உயரத்தில் பூசணி வளர்ப்பார்கள். நான் வழக்கு வளர்த்தேன். முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி, பேருந்து நிறுத்தத்தில் காரைப் போட்டுவிட்டுப் போகிறவனையெல்லாம் ஏழு தலைமுறைக்குச் சபித்தவன், ஓய்வு பெற்ற மறு மாதமே அவர்களுக்கு வக்கீலாகிவிட்டேன். என் மனைவி பெரில் இதை மதமாற்றம் என்பாள்.

அபராத நோட்டீஸ் வந்தால் முதலில் நகராட்சிக்கு ஆட்சேபம் எழுத வேண்டும். அவர்கள் கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகான கடிதத்தில் முடியாது என்பார்கள். அதற்கப்புறம் நகராட்சிக்குக் கட்டுப்படாத நடுவரிடம் மேல்முறையீடு. இந்த மூன்றாவது படிவரைக்கும் எவனும் வருவதில்லை. இரண்டு வாரத்துக்குள் கட்டினால் பாதி போதும் என்று நோட்டீஸிலேயே போட்டிருக்கும். பாதி விலை என்றால் எங்கள் ஊர்க்காரன் சவப்பெட்டியைக்கூட இரண்டாக வாங்கிப் போடுவான்.

நான் மட்டும் மூன்று படியும் ஏறுவேன். கசாப்புக் கடைக்காரருக்காகத் தெருவில் மண்டியிட்டு, வண்டி நிறுத்தக் கூடாதென்று போட்டிருந்த மஞ்சள் கோட்டைப் பெரிலின் தையல் நாடாவால் அளந்தேன். கோடு நாலு விரற்கடை குறைவு, வழக்கு தள்ளுபடி. பாதிரியாருக்காக, அறிவிப்புப் பலகையை மறைத்த மரக்கிளையைப் படம் எடுத்தேன். நாற்பதில் முப்பத்தெட்டு ஜெயித்தேன். கிளப்பில் சொல்லும்போது அது இருநூற்றுக்கு இருநூறு. நான் சொல்வதில் எப்போதும் கொஞ்சம் உப்பு கூடுதலாகவே இருக்கும். உப்பில்லாத உண்மையை யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்?

ஒன்பதாம் எண் வீட்டில் நோரீன் கிளெக் இருந்தாள். பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்ந்த விதவை. பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கும் மார்ல்வுட்டிலிருந்து மூன்றரை வருடம் முன்பு குடிவந்தவள். மகன் டேரன் வடகடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். போன வசந்தத்தில் அவன் வீட்டுக்கு வந்தான். கிணற்றில் ஏதோ பழுதாம். நெடுநெடுவென்று வளர்ந்தவன். குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது இரண்டு மூன்று தடவை பார்த்தேன், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது தெரியாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க் கிணறும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மார்ல்வுட்டில் ஆல்பர்ட் சாலை நிறுத்தத்தில் பேருந்துக்காகக் காத்திருந்த அபிகெயில் என்ற பத்தொன்பது வயதுப் பெண்மேல், மழையில் கண்மண் தெரியாத வேகத்தில் வந்து காரை ஏற்றிவிட்டான் டேரன். அந்த இடத்திலேயே அவள் உயிர் போனது. ஏழு வருடத் தண்டனை. பாதி முடிந்ததும் நிபந்தனையின் பேரில் வெளியே விட்டிருந்தார்கள். அம்மா வீட்டில்தான் தங்க வேண்டும். கார் ஓட்டக் கூடாது. அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் இருக்கும் மார்ல்வுட்டில் கால் வைக்கக் கூடாது. ஒன்றை மீறினாலும் மிச்சம் மூன்றரை வருடமும் உள்ளே. நோரீன் இங்கே வந்ததே, இதெல்லாம் தெரியாத ஒரு தெரு வேண்டும் என்றுதான்.

அக்டோபர் கடைசியில் தபால் பெட்டியருகே அவளைப் பார்த்தேன். கையில் நகராட்சி முகவரியிட்ட உறை. எனக்கு இந்த விஷயத்தில் வேட்டைநாய் மூக்கு. கேட்டேன். ஒன்றுமில்லை, மார்ல்வுட்டில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் வண்டி நின்றதாக நோட்டீஸ் வந்தது, கட்டிவிடுகிறேன் என்றாள். மார்ல்வுட்டில் உனக்கென்ன வேலை என்றேன். நான் போகவில்லை என்றாள். அப்புறம் யார் வண்டியை எடுத்தது என்றேன். தெரியவில்லை என்றாள்.

என் மனசு எழுந்து ஆடியது. கிடைக்கவே கிடைக்காத வழக்கு இது. திருட்டுப் போன வண்டி, தூங்கிக்கொண்டிருந்த விதவை, கல்நெஞ்ச நகராட்சி.

"வேணாம் வில்ஃப்," என்றாள். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்."

இதை எங்கள் ஊரில் எப்படிக் கேட்க வேண்டுமென்று ஒரு வழக்கம் உண்டு. நாக்கு வறண்டு செத்துக்கொண்டிருப்பவனும், டீ போடட்டுமா என்றால், சிரமம் வேண்டாம் என்பான். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவைக்கு அப்புறம் கோப்பையை நீட்டுவான். நோரீனும் சரியாக மூன்று தடவை சொன்னாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நிஜமாகவே வேண்டாம் என்பவளுக்கும் எங்களிடம் அதே வார்த்தைதான், வேறு கிடையாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்னொரு தவறும் செய்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்: "தப்புப் பண்ணாமலே அபராதம் கட்டுறவங்க ரெண்டு வகைதான் கண்ணு. ஒருத்தன் கோடீஸ்வரன். இன்னொருத்தன் எதையோ மறைக்கிறவன். நீ எதுல சேத்தி?"

அவள் உறையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் சமையலறையில் படிவத்தை விரித்தேன். எந்தக் காரணத்தால் ஆட்சேபிக்கிறீர்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். 'உரிமையாளரின் சம்மதமின்றி வாகனம் எடுத்துச் செல்லப்பட்டது' என்ற கட்டத்தில் நானே டிக் அடித்தேன். பொய்த் தகவல் தருவது குற்றம் என்று கீழே இருந்த வரியை வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்துக் காட்டினேன். அவள் பேனாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

நிறுத்தத்துக் கேமரா எடுத்த வீடியோவைப் பார்க்க நோட்டீஸில் ஒரு எண் தந்திருந்தார்கள். மாவுக்குள் ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பதினாலு தடவை பார்த்தேன். விடியற்காலை ஆறு நாற்பது. மழைத் தூறல். நோரீனின் சிவப்பு வண்டி வந்து நிற்கிறது. தலையை மூடிய நெட்டை ஆள் ஒருவன் இறங்கி, நிழற்குடைக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்குக் கம்பத்துக்கு எதிரே போய் நிற்கிறான். கேமராவுக்கு முதுகு. தலை குனிந்திருக்கிறது. நாலு நிமிடம். அப்புறம் ஏறிப் போய்விடுகிறான்.

நாலு நிமிடம்! சிரித்ததில் இறைச்சி மூக்கில் ஏறிவிட்டது. பெரிலைக் கூப்பிட்டுக் காட்டினேன். திருடனுக்கு என்னைவிட மோசமான மூத்திரப்பை என்றேன்.

"அவன் ஒண்ணுக்குப் போகல," என்றாள் பெரில். "ரெண்டு கையும் பக்கத்துல தொங்குது பாரு."

"சில பேர் கெட்டிக்காரங்க," என்றேன்.

ஆட்சேபக் கடிதத்தில் அதற்கென்றே ஒரு பத்தி எழுதினேன். என் வாழ்நாளின் சிறந்த பத்தி அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். 'திருடிய வாகனத்தை நிறுத்திய அந்நபர், பொதுமக்கள் கூடும் இடத்தில், மலர்கள் கட்டப்பட்டிருந்த விளக்குக் கம்பத்தின் மீது, நாலு நிமிட நேரம் நிதானமாகவும் தாராளமாகவும் சிறுநீர் கழித்ததை வீடியோ ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. அறுபத்தெட்டு வயது விதவை ஒருவர் இச்செயலைச் செய்திருக்க முடியாது என்பதை நகராட்சி ஏற்கும் என நம்புகிறேன்.' கம்பத்தில் பூ இருந்ததை நான் கவனித்திருந்தேன். நகைச்சுவைக்கு உதவும் என்று சேர்த்துக்கொண்டேன்.

நோரீனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் திரும்பிப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பையை மறுபடி கழுவினாள். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கடிதத்திலும் அவள் கையெழுத்துத்தான்.

நகராட்சி வழக்கம்போல மறுத்தது. வண்டி திருடுபோனதென்றால் போலீஸ் புகார் எண் எங்கே என்று கேட்டது. அதற்கென்ன, நானே போலீஸுக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரம் இசை கேட்க வைத்தார்கள். கிளப்பில் சொல்லும்போது அது மூன்றரை மணி நேரம். ஆள் வந்ததும் போனை நோரீன் கையில் கொடுத்தேன். சாவியை யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். அவள் என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். இல்லை என்றாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டிருப்பார்கள். என் மகன், என்றாள். புகார் எண் கிடைத்தது. நான் அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரியில் போன் வழியாக விசாரணை. நடுவர் ஒரு பெண்மணி. குரலில் அவசரமே இல்லை. நான் இருபது நிமிடம் வாதாடினேன். பிறகு அவர் நோரீனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வண்டி உங்கள் சம்மதமில்லாமல்தான் எடுக்கப்பட்டதா? ஆமாம் அம்மா, என்றாள் நோரீன். இரண்டு நாளில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. சம்மதமின்றி எடுக்கப்பட்டதை உண்மையெனக் காண்கிறேன். மேல்முறையீட்டாளரின் எழுத்துமூல விவரிப்பையும் ஏற்கிறேன்.

அன்று கிளப்பில் எல்லோருக்கும் என் செலவில் பீர். நோரீன் வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து ஒன்பதாம் எண் வாசலில் போலீஸ் கார் நின்றது. ஒரு இளம் போலீஸ்காரியும் இன்னொருவரும் உள்ளே போனார்கள். புகார் எந்தக் கோப்பில் கிடந்ததோ, தீர்ப்பு போய்ச் சேர்ந்ததும் யாரோ ஒருவர் அந்த வீடியோவை ஒரு தடவை பார்த்திருக்கிறார். அவர் மார்ல்வுட் ஆளாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கம்பமும் அந்தத் தேதியும் அவருக்குத் தெரிந்திருக்கின்றன. வண்டி அங்கே நின்ற அந்த நாளோடு அபிகெயில் செத்து நாலு வருடம்.

டேரனை வெளியே கூட்டிவந்தார்கள். கையில் விலங்கு இல்லை. அவன் தலையைக் குனிந்து தானாகவே காரில் ஏறினான். திருட்டைப் பற்றி அவனிடம் ஏதோ தகவல் கேட்கக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போடும் செருப்போடு தெருவுக்கு ஓடினேன். வாசலில் நோரீன் நின்றாள்.

"திருடனப் பிடிச்சிட்டாங்களா?" என்றேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

"ஆமா வில்ஃப்," என்றாள். "பிடிச்சிட்டாங்க."

அன்று சாயந்தரம் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. சாவியைத் தன் கையாலேயே கொடுத்திருக்கிறாள். வருட நாளன்று ஒரு தடவை அங்கே போய் நிற்க வேண்டும் என்று கேட்டானாம். பெற்றவர்கள் எட்டு மணிக்குப் பூவோடு வருவார்கள். முதல் பேருந்தைப் பிடித்தாலும் அதற்கு முன்னால் போய்ச் சேர முடியாது. அவர்கள் கண்ணில் தான் படக் கூடாது என்பதற்காகத்தான் காரும், அந்த விடியற்காலையும். நோட்டீஸ் வந்த அன்றே கட்டிவிட்டிருந்தால் அதோடு போயிருக்கும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லக்கூடியவள் இல்லை அவள்.

"மூணு தடவை வேணாம்னாளே," என்றாள் பெரில், அவள் போனதும். "உனக்கு எண்ணத்தான் தெரியும். கேக்கத் தெரியாது."

திரும்பப் பிடித்து உள்ளே போட்டதற்கும் மேல்முறையீடு உண்டு. உயிர் வந்த மாதிரி இருந்தது. அன்று நோரீன் பக்கத்தில் உட்கார்ந்து, பரோல் வாரியத்துக்கு ஒரு பக்கம் எழுதினேன். அலங்காரம் ஒன்றுகூட இல்லை. அவன் போனான், நின்றான், திரும்பினான், யாருக்கும் தொந்தரவு தரவில்லை.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. தடை செய்யப்பட்ட ஊருக்குப் போனதையும் கார் ஓட்டியதையும்கூட ஒருவேளை துக்கத்தின் வெளிப்பாடாகப் பார்த்திருக்கலாம். ஆனால் தாயின் வண்டியைத் திருடியிருப்பதாகச் சுதந்திரமான நடுவர் கண்டிருக்கிறார். இறந்த பெண்ணின் நினைவாகப் பூக்கள் கட்டிய கம்பத்தின் மீது அவர் சிறுநீர் கழித்ததாகத் தாயே கையெழுத்திட்டுக் கூறியிருக்கிறார். அவரிடம் வருத்தம் இருப்பதற்கு அடையாளம் இல்லை. விதிமீறலைப் பற்றிப் பெண்ணின் பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டபோது அவர்கள் மிகுந்த வேதனைக்கு ஆளானார்கள். மிச்சத் தண்டனை முழுவதும் உள்ளே.

நான் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கூட்டியோ குறைத்தோ சொல்லப் போவதில்லை. என் பத்தி அதில் வார்த்தை மாறாமல் இருந்தது.

அப்படியானால் என் வெற்றியை நானே உடைக்கிறேன் என்று கிளம்பினேன். சாவியை நோரீன்தான் கொடுத்தாள், அந்தப் பத்தி நான் அளந்தது என்று நடுவருக்கு எழுதினேன். உறையை ஒட்டப் போகும்போது பெரில் கையைப் பிடித்தாள். பொய்த் தகவலில் யார் கையெழுத்து? போலீஸிடம் யார் குரல்? உள்ளே போகப் போவது யார்? நோரீனிடம் போய்ச் சொன்னேன். போடுங்க, நான் போறேன், என்றாள். சிறையில் பார்வையாளர் மேசைக்கு எதிரே டேரன் அதைக் கேட்டதும் கூடாதென்று தலையசைத்துவிட்டான்.

"திருடன்னே இருந்துட்டுப் போறேன் மிஸ்டர் ஹார்ட்லி. அம்மாவ இழுக்காதீங்க," என்றான். பிறகு, "அந்த இன்னொண்ண மட்டும் மாத்த முடியுமா? அவங்க அப்பா அம்மா அப்படி நெனைக்க வேணாம்."

ஆகவே, சாவியைப் பற்றி மூச்சு விடாமல், விவரிப்பில் ஒரு பத்தி தவறு, அதை மட்டும் திருத்த மறுபரிசீலனை வேண்டும் என்று எழுதினேன். பதில் நாலே வரி. மேல்முறையீடு உங்களுக்குச் சாதகமாக முடிந்துள்ளது. முழுமையாக வெற்றி பெற்ற தரப்பு மறுபரிசீலனை கோருவதற்குக் காரணம் எதுவும் இல்லை. கோப்பு மூடப்பட்டது. நீங்கள் மேற்கொண்டு எதுவும் செய்யத் தேவையில்லை.

எழுத வேண்டிய இடங்கள் தீர்ந்துவிட்டன. ஒரு செவ்வாய்க்கிழமை மார்ல்வுட்டுக்குப் பேருந்தில் போனேன். ஆல்பர்ட் சாலையில் அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. விபத்து நடந்தபோது செய்தித்தாளில் வந்த படத்தில் அந்த வீட்டுக் கதவு இருந்தது. அபிகெயிலின் அப்பா திறந்தார். என் வயதுக்குப் பத்து வருடம் இளையவர். பார்த்தால் பத்து வருடம் மூத்தவர். நான் யாரென்று சொன்னேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான், அந்தப் பையன் அப்படிச் செய்யவேயில்லை, நின்றான், அவ்வளவுதான், மற்றது சிரிப்புக்காக நான் சேர்த்தது என்றேன்.

"சிரிப்புக்கா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அவன் அம்மா கையெழுத்துப் போட்டிருக்காளே."

நான் சொன்னதால் போட்டாள் என்றேன்.

என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "நீங்க அவ பக்கத்து வீட்டுக்காரரா?"

ஆமாம்.

"அவ அனுப்பினாளா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நான் அவரிடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வீடியோ என் போனில் இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்று எடுத்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான் எதை நீட்டுகிறேன் என்று தெரிந்தது. அவர் மகள் செத்த இடத்தை, அவளைக் கொன்றவனோடு சேர்த்து நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் போனைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் யாரென்று கேட்டது. யாருமில்லை என்றார்.

பிறகு, வழி கேட்டவனிடம் பேசும் குரலில், "நாலு இருபதுக்கு உங்க ஊர் பஸ் இருக்கு," என்றார். "அத விட்டா அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சுத்தான்."

கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.